பயிற்சி என்னும் சொல்லாடல்: சுமங்கலியும் இன்டர்ன்ஷிப்பும்

1

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது அகராதிக்காரர் வேலை. அந்தச் சொல் யாரை எந்த இடத்தில் நிறுத்திவைக்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. 'பயிற்சி' என்ற சொல்லிடம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

மேச்சேரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் ஆள் தேடி ஒட்டும் தாள்களை யாரும் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. பெண்கள் தேவை, தங்குமிடம் இலவசம், உணவு உண்டு, வயது வரம்பு, பயிற்சிக் காலம், கீழே ஒரு செல்பேசி எண். அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். அதே சுவரின் மறுபக்கம் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகள் நிற்கின்றன. பி.எஸ்ஸி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படிப்பு, திருப்பூர் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப். ஒரே சொல்லைத் தமிழில் ஒருத்திக்கும் ஆங்கிலத்தில் இன்னொருத்திக்குமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்து, ஏன், ஒரே வீட்டில் இருந்துகூடப் புறப்படலாம். பெரியவள் பத்தாவதோடு மில்லுக்கு, சின்னவள் கல்லூரி பஸ்ஸில்.

மேச்சேரிக்கும் ஃபேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று சென்னை நண்பர்கள் கேட்கக்கூடும். ஊரின் பெயர் வெளியே தெரிவதே ஓர் ஆட்டினத்தால்தான். மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் வணிகத்தில் தனி மதிப்பு. சுற்றிலும் ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இளம்பிள்ளை என்று தறி ஊர்கள். மானாவாரிக் காடு கைவிட்ட வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் மில் வேனில் ஏறுகிறார்கள். தோல், துணி, பெண் உடல் என்று மூன்றும் இங்கிருந்து வெளியே போகின்றன. 'ஃபேஷன்' என்ற சொல் மட்டும் இன்னும் முழுசாக இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கச்சாப்பொருள் இருக்கிற இடத்திலிருந்து ஃபேஷனைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்த வாசிப்பின் நிலைப்பாடு.

2

1980களின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், சேலம், நாமக்கல் பகுதி நூற்பாலைகளில் பரவிய ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். 'மாங்கல்யத் திட்டம்', 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் சொன்னார்கள். ஊர்ப்பேச்சில் 'கேம்ப் கூலி'. இதன் கட்டமைப்பு எளிமையானது. திருமணமாகாத இளம்பெண் மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். அவள் 'பயிற்சியாளர்'. கையில் கொடுப்பது குறைந்த தினப்படி. மூன்று வருஷம் முடிந்தால் ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும். 30,000 ரூபாயில் இருந்து 60,000 வரை வெவ்வேறு மில்களில் சொல்லப்பட்டது. அது அவள் கல்யாணத்துக்கு. நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டாலோ நிறுத்தப்பட்டாலோ அந்தத் தொகை போனது போனதுதான்.

இந்தப் பிரதியில் மூன்று செயல்பாடுகளைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கூலி என்ற சொல் எங்கும் இல்லை. மாதாமாதம் கொடுப்பது 'உதவித்தொகை', முடிவில் கொடுப்பது 'திட்டத் தொகை'. அவள் உழைப்பிலிருந்து பிடித்து வைக்கப்பட்ட பணம் அவளுக்கு வழங்கப்படும் சீராக உருமாறுகிறது. முதலாளி இங்கே தாய்மாமன் இடத்தில் வந்து உட்காருகிறார். இரண்டாவது, அவள் யார் என்பது அவள் செய்யும் வேலையால் தீர்மானிக்கப்படுவதில்லை. இனி வரப்போகும் கணவனால் தீர்மானிக்கப்படுகிறது. கணவன் உயிரோடு இருப்பவளைக் குறிக்கும் சொல்லை, இன்னும் கணவனே இல்லாதவள் மேல் சூட்டியிருக்கிறார்கள். அவளது நிகழ்காலத்துக்குப் பெயர் இல்லை. மூன்றாவது, 'பயிற்சி' என்ற சொல் இந்தப் பெயரின்மையைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

சட்டம் என்று வரும்போது ஒரு தற்செயலைக் கவனிக்க வேண்டும். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். தொழிற்பழகுநர் சட்டம் வந்ததும் 1961-இல்தான். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று இரண்டாவது சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொன்னது. சுமங்கலித் திட்டம் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் கூடாரம் போட்டது. முதல் சட்டம் குற்றம் என்று சொன்னதைக் கனவாக விற்றது. இரண்டாம் சட்டத்தின் சொல்லைக் கேடயமாகப் பிடித்தது.

மில் முதலாளிகளை மட்டும் குறைசொல்லி முடித்துவிட முடியாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது 1989-இல். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒருத்தியின் பெயர் கல்யாணச் செலவுக்கு வைக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்ததும், பெண்பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்க அது உதவியதும் மறுக்க முடியாதவை. ஆனாலும் ஏழைப்பெண்ணின் எதிர்காலம் என்றால் தாலிதான் என்ற ஒரே சொல்லாடலைத்தான் அரசும் ஆலையும் அந்தக் காலத்தில் பேசின. 2011-இல் அரசு தாலிக்கு 4 கிராம் தங்கத்தையும் சேர்த்தது. 2022-இல்தான் அந்தத் திட்டம் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' ஆக மாற்றப்பட்டது. கல்யாணத்திலிருந்து கல்விக்கு அரசின் சொல் நகர்ந்திருக்கிறது. ஆலைகளும் கெட்ட பெயர் வந்தபின் 'சுமங்கலி'யைக் கைவிட்டுவிட்டன. 'பயிற்சி'யைக் கைவிடவில்லை.

3

கொத்தடிமை பற்றி நம்மிடம் ஏற்கெனவே ஒரு படிமம் இருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்காரர் முன்பணம் வாங்கியிருப்பார். அதற்கு அங்கே 'பாக்கி' என்று பெயர். கீர்ட் டி நெவ் என்ற மானிடவியலாளர் பவானி, குமாரபாளையம் தறித் தொழிலாளர்களைப் பற்றி 2005-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாக்கியை விரிவாக எழுதியிருக்கிறார். தொழிலாளி முதலாளிக்குக் கடன்பட்டவர், அதனால் கட்டுண்டவர். கடன் கட்டிப்போடுகிறது என்பது யாருக்கும் விளங்கும்.

சுமங்கலித் திட்டத்தில் இது தலைகீழாகிறது. இங்கே கடன்பட்டவர் முதலாளி. ஒவ்வொரு மாதமும் அவளுடைய கூலியில் ஒரு பங்கை அவர் வைத்துக்கொள்கிறார். அவள்தான் கடன் கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், ஜாமீன் இல்லாமல். ஆனாலும் கட்டுண்டு கிடப்பது அவள்தான். போய்விட்டால் கொடுத்த கடன் திரும்பாது. தறிக்காரர் ஓடினால் முதலாளிக்கு நஷ்டம், அதனால் ஆள்விட்டுத் தேடுவார். மில் பெண் ஓடினால் முதலாளிக்கு லாபம். அதுவும் இரண்டரை வருஷம் கழித்து ஓடினால் ரொம்ப லாபம்.

கடன் கொடுத்தவர் எப்படிக் கட்டுண்டவராகிறார்? நமது அரசியல் பொருளாதார வாசிப்புகள் இந்தக் கேள்வியைப் போதுமான அளவு எதிர்கொள்ளவில்லை என்பது என் கருத்து. கூலிச் சுரண்டல் என்றால் கொடுக்கப்படாத கூலி என்று மட்டும் கணக்குப் போடுகிறோம். ஒத்திப்போடப்பட்ட கூலி வேறு ஒன்று. அது காலத்தைக் கைப்பற்றுகிறது. தெரிதா அர்த்தம் எப்போதும் ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றபோது நாமெல்லாம் அதை மொழி விளையாட்டாக எடுத்துக்கொண்டு கவிதைகளில் தேடினோம். அது நூல் கதிர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவள் இன்று செய்யும் வேலையின் அர்த்தம் இன்று இல்லை, மூன்று வருஷம் கழித்து வரும். அந்தத் தொகையின் அர்த்தமும் அப்போது இல்லை, கல்யாணத்தில் வரும். அந்தக் கல்யாணத்தில் பணம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு வந்து சேரும்போது அது அவள் கையில் இருப்பதில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது வினைத்தொகையாகத் தெரியும். மூன்று காலமும் மறைந்து நிற்கும் தொகை அது. 'பயில்பெண்' என்று எழுதிப் பாருங்கள். பயின்ற, பயில்கிற, பயிலும் என்று மூன்றுக்கும் விரியும். எந்தக் காலம் என்று வெளியே தெரியாது. "புள்ள என்ன பண்றா?" "மில்லுல ட்ரெய்னிங்ல இருக்கறாங்க." "இன்னுமா?" "மூணு வருஷமா ட்ரெய்னிங்தானுங்க." இந்த உரையாடலை எங்கள் பக்கம் யாரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

4

ஒரு நூற்பாலையில் மூன்று வருஷம் பயில என்ன இருக்கிறது? ரிங் ஃப்ரேமில் சைடு பார்ப்பது, அறுந்த இழையை ஓடுகிற கதிரில் பிடித்து ஒட்டுவது, நிறைந்த பாபினை எடுத்து வெறும் பாபின் போடுவது, கோன் வைண்டிங். நுணுக்கமான கைவேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கை பழக மாதக் கணக்கு போதும் என்று மில்லில் இருந்த எவரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு உள்ள நாட்களில் அவள் கற்பது என்ன?

ஃபூக்கோ 1975-இல் எழுதிய 'ஒழுங்குபடுத்தலும் தண்டனையும்' நூலில் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நெசவாலை ஒன்றைத்தான் உதாரணம் காட்டுகிறார் என்பது நமக்கு முக்கியம். பாரிசில் கோப்லன் திரைச்சீலை ஆலை. அதை நிறுவிய 1667 அரசாணையிலேயே பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அறுபது பிள்ளைகள் உபகாரச் சம்பளத்தில் சேர்க்கப்பட வேண்டும். ஆறு வருஷம் ஆசானிடம் பழக வேண்டும், நான்கு வருஷம் ஊழியம் செய்ய வேண்டும், பிறகு தேர்வு. தேறினால் நாட்டில் எந்த ஊரிலும் சொந்தமாகக் கடை வைத்துக்கொள்ளும் உரிமை. இந்தப் பழைய முறையில் பழகுநர் ஆசானுக்கு அடங்கியவர், அவர் வீட்டு எடுபிடி எல்லாம் செய்தவர். ஆனால் கடைசியில் ஒரு கைமாற்றம் இருந்தது. அறிவு கைமாறியது, அதோடு கடை வைக்கும் உரிமையும் கைமாறியது. 1737-இல் அங்கே தொடங்கிய ஓவியப் பள்ளியில் ஃபூக்கோ வேறொன்றைப் பார்க்கிறார். காலத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் உடலைக் கணக்கெடுத்து, வரிசைப்படுத்தி, பயனுள்ளதாக்கும் ஒழுங்கு. அதிகாரம் காலத்தின் மேலேயே நேரடியாக வேலைசெய்யத் தொடங்குகிறது.

நம் ஆலை விடுதி இந்த இரண்டில் எது? இரண்டிலும் மோசமானதை எடுத்துக்கொண்டது என்பேன். ஆசானுக்கு அடங்கும் பழைய உறவு இருக்கிறது, விடுதி வார்டன், சூப்பர்வைசர், வாரத்துக்கு ஒரு தடவை கடைவீதி, கேட்டுக் கொடுக்கும் செல்பேசி என்று. நேரத்தைத் துண்டாக்கும் புதிய ஒழுங்கும் இருக்கிறது, ஷிஃப்ட், கதிர் எண்ணிக்கை, உற்பத்தி அளவு என்று. கடை வைக்கும் உரிமை மட்டும் இல்லை. மூன்று வருஷம் முடிந்தவளின் கையில் அடுத்த மில்லில் காட்டக்கூடிய ஒரு தேர்ச்சிச் சான்றுகூட இருப்பதில்லை.

இதைத் திருப்பூரின் ஆண் கதையோடு ஒப்பிட வேண்டும். ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃப்ரடர்னல் கேப்பிடல்' நூல் திருப்பூர் பனியன் முதலாளிகளில் கணிசமானவர்கள் கவுண்டர் சாதி உழவர் குடும்பங்களிலிருந்து வந்து, கம்பெனிகளில் தொழிலாளிகளாக இருந்து, முதலாளிகளானவர்கள் என்று காட்டுகிறது. 'உழைப்பு' என்ற சொல்லால் அவர்கள் தங்கள் ஏற்றத்தைத் தாங்களே விளக்கிக்கொண்டார்கள் என்பதுதான் அந்நூலின் கூர்மையான இடம். அதாவது மெஷினில் உட்கார்ந்து பழகியது அவர்களுக்கு மூலதனமானது. சாதி உறவு, நில விற்பனை, கடன் கிடைக்கும் வழி எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பழக்கம் மூலதனமானது என்பதை 'உழைப்பு' என்ற சொல் மறைக்கிறது. அவர்களிடம் பழகுதல் முதலாளி ஆவதில் முடிந்தது. நூற்பாலை விடுதிப் பெண்களில் பெரும்பகுதி தலித் பெண்கள் என்பதை நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் இந்தியக் கமிட்டியும் சேர்ந்து 2011 மே மாதம் வெளியிட்ட 'கேப்சர்ட் பை காட்டன்' அறிக்கை சுட்டியது. அவர்களின் பழகுதல் தாலியில் முடிய வேண்டும் என்று முன்னாலேயே எழுதிவைக்கப்பட்டது. ஒரே வினை, ஒரே தொழில், இரண்டு சாதி, இரண்டு பால், இரண்டு முடிவு.

'பழகு' என்ற சொல்லையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். தொழில் பழகலாம், ஆளோடு பழகலாம், கஷ்டத்துக்குப் பழகலாம். காளையைக் கலப்பையில் பூட்டி நடக்கவைப்பதற்கும் எங்கள் பக்கம் 'மாடு பழக்கறது' என்றுதான் பெயர். கழுத்துக்கு நுகம் பழகிவிட்டால் மாட்டின் பயிற்சி முடிந்தது. மூன்று வருஷம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

5

இனி மறுபக்கத் தட்டிக்கு வரலாம். ஃபேஷன் கல்வி நம்மிடம் வந்தது அண்மைக் காலத்தில். டெல்லியில் நிஃப்ட் தொடங்கியது 1986, சென்னைக் கிளை 1995. அதற்குப் பிறகு கொங்குப் பகுதிக் கலைக் கல்லூரிகளில் 'சி.டி.எஃப்.' என்று பிள்ளைகள் சுருக்கிச் சொல்லும் பட்டப்படிப்பு பெருகியது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பெண்களுக்கு அது பெரிய கதவு. அதை எள்ளிப் பேசும் உரிமை நமக்குக் கிடையாது.

படிப்பின் ஒரு கட்டத்தில் அவர்கள் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். சில வாரங்களோ ஒரு பருவமோ திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்து, துறை துறையாகப் பார்த்து, ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. தங்குவதும் சாப்பிடுவதும் வீட்டுப் பணத்தில். மெர்ச்சண்டைசர் பக்கத்தில் உட்கார்ந்து துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டுவது, பட்டன் எண்ணுவது, சாம்பிளில் அளவு பார்ப்பது, எக்செல் தாளை நிரப்புவது. இவை எல்லாம் கம்பெனிக்குத் தேவையான வேலைகள். வேறொருவரைச் சம்பளம் கொடுத்து வைத்தால் செய்யக்கூடியவை. ஆனால் இங்கே 'எக்ஸ்போஷர்'. மில்லில் கூலி 'சீர்' ஆனது போல இங்கே கூலி 'அனுபவம்' ஆகிறது. அங்கே கல்யாணத்துக்கு ஒத்திப்போட்டது இங்கே 'கேரியர்' என்ற இடத்துக்கு ஒத்திப்போடப்படுகிறது.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இன்டர்ன் வெளியே வரலாம், மேலே போகலாம், அறிக்கை எழுதலாம். எழுதும் அதிகாரம் அவளிடம் இருக்கிறது. வேறுபாட்டின் மையம் இதுதான். தையல் கம்பெனிகளில் இன்டர்ன்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் வேலைகளில் ஒன்று நேர ஆய்வு. கையில் ஸ்டாப் வாட்ச் அல்லது செல்பேசி. லைனில் உட்கார்ந்திருக்கும் தையல்காரப் பெண் ஒரு கைப்பகுதியை இணைக்க எத்தனை விநாடி எடுக்கிறாள் என்று பத்து முறை பார்த்து எழுதி, சராசரி எடுத்து, 'எஸ்.ஏ.எம்.' என்ற அனுமதிக்கப்பட்ட நிமிடத்தைக் கணக்கிட வேண்டும். அந்தப் பெண்ணும் 'ட்ரெய்னி' அட்டை தொங்கவிட்டிருக்கலாம். ஒரு பயிற்சியாளர் இன்னொரு பயிற்சியாளரின் உடலை அளந்துகொண்டிருக்கிறாள். அளப்பவளுக்குச் சம்பளம் இல்லை. அளக்கப்படுபவளுக்கு அந்த அளவே நாளைக்கு இலக்காக வந்து நிற்கும். ஒருவேளை இரண்டு பேரும் மேச்சேரிக்காரிகள். டீ நேரத்தில் பேசிக்கொண்டால் எந்தத் தெரு என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறிக்கையில் ஒருத்தி 'நான்', மற்றவள் 'ஆபரேட்டர்'.

வெளியுலகில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'ஹார்பர்ஸ் பஜார்' ஃபேஷன் இதழில் சம்பளமில்லாமல் இருந்த இன்டர்ன் ஒருவர் 2012-இல் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் மேல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த மாதிரி வழக்குகளுக்கு ஓர் அளவுகோல் வைத்தது. இந்த உறவால் முதன்மையாகப் பயன்பெறுவது இன்டர்னா, நிறுவனமா? அந்த அளவுகோல் நிறுவனங்களுக்குச் சாதகமானது என்று அங்கே விமர்சனம் உண்டு. அதையே எடுத்துக்கொண்டு நம் ஆலைக்குள் நுழைந்தாலும் மூன்று வருஷப் பயிற்சி ஒரு நிமிடம் நிற்காது. நம் ஒன்றிய அரசோ 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் வைத்தது. அதில் 4,500 அரசு கொடுக்கும், 500 மட்டும் கம்பெனி. பயன் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்காமலே செலவு யாருக்கு என்பதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

6

மீட்பு மொழி ஒன்றும் இருக்கிறது. அடிமைகள், சிறைப்பட்டோர், மீட்கப்பட்டோர் என்று தொண்டு நிறுவன அறிக்கைகள் பேசுகின்றன. அந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் அசைந்திருக்க மாட்டார்கள், நாமும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனாலும் அந்தச் சொல்லாடலில் பெண் வெறும் பாதிக்கப்பட்டவளாக உறைந்துபோகிறாள். மில்லுக்குப் போன பெண்களோடு பேசியவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்லும் கதை அவ்வளவு தட்டையானது இல்லை. பதினாறு வயசில் மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததிலிருந்து தப்பிக்கப் போனவள் இருக்கிறாள். தம்பி படிப்புக்குப் பணம் அனுப்பியவள் இருக்கிறாள். விடுதியில்தான் முதன்முதலாகச் சிநேகிதி கிடைத்தது என்பவளும் இருக்கிறாள். அவள் எதற்காகப் போனாள் என்பதும் அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்துவது முதலாளி மொழி. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை அழித்துவிடுவது மீட்பர் மொழி.

தொழிற்சங்க மொழியிலும் மௌனம் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியைத்தான் நம் மரபான சங்கங்கள் தொழிலாளி என்று எண்ணின. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழகச் சட்டம் வந்ததைச் சங்கங்கள் வெற்றியாகக் கொண்டாடின. அந்தச் சட்டத்தைத் தாண்டிக் குதிக்க ஆலைகள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றுதான் பயிற்சியாளர் பட்டியல். சட்டத்துக்கு அஞ்சி உருவான அந்தப் பட்டியலில் பெண் பெயர்கள் நிரம்பியபோது அவர்களை உறுப்பினராக்க வேண்டும் என்று அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்த'த்தைக் கையெழுத்திட வைத்தது. சாதி, பாலியல் வன்முறை இரண்டையும் தொழிற்சாலைப் பிரச்சினையாக எழுதவைத்த ஒப்பந்தம் அது. பெண்ணைத் தொழிலாளி என்று முதலில் அழைத்துவிட்டுப் பிறகு பேச ஆரம்பித்த சங்கத்தால்தான் அது முடிந்தது.

கடைசியாக ஓர் அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1947 தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுத்தபோது ஓர் அடைப்புக்குறி போட்டு, பழகுநர் உட்பட என்றது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும் அதே வரையறையில் ஓர் அடைப்புக்குறி போட்டிருக்கிறது. இந்தத் தடவை, பழகுநர் நீங்கலாக. எழுபத்து மூன்று வருஷத்தில் 'உட்பட' 'நீங்கலாக' ஆகிவிட்டது. பிரதிகளில் விளிம்பைத் தேடுபவர்கள் இதைவிடத் துல்லியமான விளிம்பை எந்த நாவலிலும் காண முடியாது.

ஆனால் அந்த அடைப்புக்குறியை முழுசாகப் படிக்க வேண்டும். நீக்கப்பட்டிருப்பவர் 1961 சட்டம் வரையறுக்கும் பழகுநர். அந்தச் சட்டப்படி பழகுநர் என்றால் பழகுநர் ஒப்பந்தத்தின் கீழ் பயிற்சி பெறுபவர். அந்த ஒப்பந்தம் அரசின் பழகுநர் ஆலோசகருக்கு அனுப்பிப் பதிவு செய்யப்பட வேண்டும். அவருடைய அனுமதியில்லாமல் பழகுநரை மிகைநேரம் வேலை வாங்கக் கூடாது. 1992 விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை முன் அனுமதியின்றிப் பயிற்சியும் கூடாது. இப்போது மில்லுக்குள் திரும்பிப் பாருங்கள். பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சமத்துவத்தின் பெயரால் செல்லாது என்றது. அந்தச் சமத்துவத்தை ஆலைகள் இரு கை நீட்டி வாங்கிக்கொண்டன. சம்பளம் கொடுக்கும்போது அவள் பழகுநர், நைட் ஷிஃப்ட் போடும்போது அவள் தொழிலாளி. ஒரே உடலுக்குப் பகலில் ஒரு வரையறை, ராத்திரியில் ஒரு வரையறை.

பதிவான ஒப்பந்தம் இல்லாமல் மில்லில் 'ட்ரெய்னிங்' என்று நிறுத்தப்பட்டிருக்கும் பெண் அந்த அடைப்புக்குறிக்குள் வரமாட்டாள். புதிய சட்டத்தின் சொற்களின்படியே அவள் தொழிலாளி, முதல் நாளிலிருந்து. 2014 திருத்தம் தொழில்களின் பட்டியலைத் தளர்த்தி, நிறுவனங்களே பயிற்சிக்கான தொழிலைத் தீர்மானிக்கும் வழியைத் திறந்திருக்கிறது. அதனால் இந்த இடைவெளியை அடைக்க ஆலைகள் ஒப்பந்தங்களைப் பதிவு செய்யத் தொடங்கலாம். அப்படிச் செய்தால் மிகைநேரமும் இரவு ஷிஃப்ட்டும் அனுமதிக்கு உட்படும், பயிற்சி என்ற பெயருக்கு ஒரு பாடத்திட்டமும் தேர்வும் சான்றும் காட்ட வேண்டிவரும். எப்படிப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்தம் எங்கே, பதிவு எண் என்ன?

இந்தக் கேள்வியை மில் வாசலில் சங்கக்காரர் கேட்கலாம். கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கடிதம் கொடுக்கும் துறைத்தலைவரிடம் மாணவி கேட்கலாம். வேன் வந்து நிற்கும்போது ஏஜெண்டிடம் அம்மா கேட்கலாம். ஸ்டாப் வாட்ச் பிடித்தவள் தன் அறிக்கையில் 'ஆபரேட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் எத்தனை வருஷமாக ட்ரெய்னி என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். மதிப்பெண் குறையுமோ என்னவோ. ஆனால் பயிற்சி அறிக்கைகளில் இதுவரை இல்லாத ஒரு தகவல் அங்கே பதிவாகும். எழுதுகிறவர்களாகிய நாம் சுவரில் ஒட்டிய தாளையும் பிரதி என்று ஒத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கலாம். அதன் ஆசிரியர் யார் என்பது, செல்பேசி எண் இருப்பதால், கண்டுபிடிக்கக் கஷ்டமான விஷயம் இல்லை.